டிக்ஸிட்டும் ஜோடியாக வருகிறவர்களும்

டிக்ஸிட் படங்களை வைத்து ஆடும் அட்டை ஆட்டம். சுற்றுக்கு ஒருவர் கதைசொல்லியாகித் தன் கையிலுள்ள ஒரு படத்துக்குக் குறிப்பு கொடுப்பார், மற்றவர்கள் அந்தக் குறிப்புக்குப் பொருந்தும் தங்கள் படங்களைப் போட்டுக் கலந்துவிட்டு, எது கதைசொல்லியின் படம் என்று ஓட்டுப் போடுவார்கள். இணையத்தில் ஆறு பேர் ஆடும் மேசையில் இருவர் மட்டும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இப்போதெல்லாம் எனக்கு ஒரு குறிப்பு போதும். "மறுபடியும் உன் தம்பியா" என்று ஒருவர் குறிப்பு எழுதுவார். பறக்கும் மீன், உடைந்த கடிகாரம், கூண்டுக்குள் மரம் என்று ஆறு படங்கள் திரையில் விரியும். நாங்கள் நால்வரும் யாருடைய தம்பி, எந்தத் தம்பி என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஆளுக்கொரு படத்துக்கு ஓட்டுப் போடுவோம். ஐந்தாமவர் மட்டும் இரண்டு விநாடியில் ஓட்டுப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் தொட்டது சரியான படம் என்பதை முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

டிக்ஸிட் ஆடுகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் புள்ளிக்கணக்கை மட்டும் நினைவூட்டிவிடுகிறேன், என் புகார் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கதைசொல்லியின் படத்தை எல்லோரும் கண்டுபிடித்தாலும் அவருக்குப் பூஜ்யம், ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். இரண்டிலும் மற்றவர்களுக்குத் தலா 2. சிலர் மட்டும் கண்டுபிடித்தால் கதைசொல்லிக்கும் கண்டுபிடித்தவர்களுக்கும் தலா 3. இதுபோக, தன் படத்தைக் காட்டிப் பிறரை ஏமாற்றியவருக்கு விழுந்த ஓட்டுக்கு ஒரு புள்ளி. 2010இல் ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருது இந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது. அதில் பாதி மாரி கார்துவாவின் ஓவியங்களுக்கு என்றால், மறுபாதி இந்தப் பூஜ்யத்துக்கு என்பது என் கணக்கு. ஆட்டத்தை உருவாக்கிய ழான்-லூயி ரூபிரா குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். முழுக்கப் புரிந்துவிட்டாலும் தண்டனை, சுத்தமாகப் புரியாவிட்டாலும் தண்டனை என்று ஒரு விதியை யோசிப்பதற்கு அப்படிப்பட்ட ஒருவர்தான் வேண்டும்.

இந்தப் பூஜ்யம் ஆட்களைப் பொறுத்து எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு ஓர் அட்டை போதும். முதல் பெட்டியில் நீண்ட சுழல் படிக்கட்டின் அடியில் ஒரு நத்தை நிற்கும் படம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் என் வாயில் வருவது 'பழனி'. வீட்டில் அப்படிச் சொன்னால் அத்தை முதல் கடைக்குட்டி வரை எல்லோரும் அந்தப் படத்தையே தொடுவார்கள், எனக்குப் பூஜ்யம். இணையத்தில் சொன்னால் ஒருவரும் தொடமாட்டார்கள், மறுபடியும் பூஜ்யம். வீட்டுக்கு 'யானைப்பாதையில் போயிருக்கலாம்' என்பது சரியான அளவு. படிக்கு மாற்றாகச் சாய்வான வழி ஒன்று உண்டு என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள், மலைக்கு வந்தும் ரோப்காரிலேயே ஏறி இறங்கியவர்கள் தடுமாறுவார்கள். இணையத்தில் அதே படத்துக்கு நான் 'வீட்டுக் கடன்' என்று கொடுத்தேன். மூவர் கண்டுபிடித்தார்கள். அவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ தெரியாது, மாதத் தவணை கட்டுகிறவர்கள் என்பது மட்டும் உறுதி. கண்டுபிடிக்காத இருவரும் மாணவர்களாக இருக்க வேண்டும்.

முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதில் இருக்கும் சுவையே இதுதான். எதிரே இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. நாடு தெரியாது, வயது தெரியாது, முகம் தெரியாது. வீட்டில் ஆடும்போது பாதி நேரம் நான் படத்தைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறேன். அண்ணி நிலா இருக்கும் படத்தைத்தான் போடுவார். அண்ணன் கையிலிருப்பதில் எது மோசமோ அதை முதலில் தள்ளிவிடுவார். கடைசியாக அட்டையை வைத்தவரின் தயக்கமே அது எந்த அட்டை என்று காட்டிக்கொடுத்துவிடும். இணையத்தில் அட்டைகள் தாமாகவே கலைந்து வருவதால் அந்தக் கள்ளப் பார்வைக்கு வழியில்லை. படமும் குறிப்பும் மட்டும்தான் மிஞ்சுகின்றன.

அதைவிடச் சுவையானது, நாம் நினைக்காத காரணத்தால் நம் படத்துக்கு விழும் ஓட்டு. ஒருவர் 'அமைதி' என்று குறிப்புக் கொடுத்தார். விரிந்த படங்களில் இரண்டில் பனி. பனி பெய்யும் ஊர்க்காரர்களுக்கு அமைதி வெள்ளை நிறம் போலிருக்கிறது. என் கையில் இருட்டறையில் ஒரே ஒரு விளக்கு எரியும் படம் இருந்தது, அதைப் போட்டேன். மின்வெட்டில் மின்விசிறி நின்ற மறுகணம் தெருவே அடங்கிப்போகுமே, எனக்கு அமைதி என்றால் அதுதான். இரண்டு ஓட்டு விழுந்தது. உரையாடல் பெட்டியில் ஒருவர் காரணம் எழுதினார்: அவருக்கு அது தேவாலயமாம், பாட்டியோடு மெழுகுவத்தி ஏற்றப் போவாராம். மின்விசிறியைப் பற்றி நான் எழுதுவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. அந்த இரண்டு புள்ளியை எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன்.

இவ்வளவு நன்றாக இருக்கும் ஓர் ஆட்டத்தைத்தான் ஜோடிகள் வந்து கெடுக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆறு பேரும் ஒருமுறை கதைசொல்லி ஆகி முடிவதற்குள் ஜோடிக்கு அந்த வாய்ப்பு இரண்டு முறை வருகிறது. இரண்டிலும் இருவருக்கும் தலா 3. அதாவது கற்பனையே இல்லாமல் ஆளுக்கு 6 புள்ளி உறுதி. மற்ற நான்கு சுற்றுகளில் கிடைப்பதெல்லாம் அவர்களுக்கு உபரி. 30 புள்ளியில் முடியும் ஆட்டத்தில் நாங்கள் நால்வரும் ஒருவர் மனத்தை ஒருவர் தடவித் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் இருவரும் தங்கள் சமையலறைப் பேச்சை விற்றே முன்னால் போய்விடுகிறார்கள். தடுக்கவும் வழியில்லை. எல்லோருடைய ஓட்டும் ஒரே நேரத்தில்தான் வெளிப்படுகிறது என்பதால் ஐந்தாமவரைப் பார்த்து ஓட்டுப் போட முடியாது. கண்டுகொண்டாலும் தோற்றுக்கொண்டே கண்டுகொள்ள வேண்டியதுதான்.

இது ஏமாற்று வேலையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல். தொலைபேசியில் படத்தின் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர்கள் திருடர்கள், அவர்களை விட்டுவிடலாம். நான் சொல்லும் ஜோடிகள் நேர்மையானவர்கள். குறிப்பு கொடுக்கிறார்கள், ஒருவர் கண்டுபிடிக்கிறார், மற்றவர்களால் முடியவில்லை. சிலருக்குப் புரிய வேண்டும், எல்லோருக்கும் புரியக் கூடாது என்ற விதி எழுத்துக்கு எழுத்து நிறைவேறிவிட்டது. கூடத்தில் பாய் விரித்து ஆடும்போது இதே காரியத்துக்குத்தான் நாங்கள் கைதட்டிச் சிரிக்கிறோம். அக்காவும் தங்கையும் நாற்பது வருடத்துக்கு முன் நடந்த எதையோ ஒற்றைச் சொல்லில் பகிர்ந்துகொண்டால் மற்றவர்கள் 'என்ன, என்ன' என்று துளைத்தெடுத்து அந்தக் கதையை வெளியே கொண்டுவந்துவிடுவோம். புள்ளி அவர்களுக்கு, கதை எங்களுக்கு. இணையத்து ஜோடி புள்ளியை எடுத்துக்கொண்டு கதையை வைத்துக்கொள்கிறது. 'எந்தத் தம்பி?' என்று நான் உரையாடல் பெட்டியில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாக வந்தது.

நான் ஆடும் தளத்துக்கு இதைப் பற்றி எழுதினேன். இருவர் ஒரே இணைய இணைப்பிலிருந்து வந்தால் மேசையில் ஓர் அடையாளமாவது காட்டக் கூடாதா என்று கேட்டேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, அடையாளம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், விடுதியில் ஒரே இணைப்பில் ஆடும் அறிமுகமில்லாத மாணவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். நியாயமாக அதையும் சொல்லியாக வேண்டும்.

மற்ற குறைகள் சில்லறை. தோற்கும்போது ஓடிப்போகிறவர்கள் உண்டு, அது எல்லா இணைய ஆட்டத்திலும் உள்ள நோய். ஒவ்வொரு படத்துக்கும் 'கனவு' என்று எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களே பூஜ்யம் வாங்கித் திருந்திக்கொள்வார்கள். ஓர் அட்டைக்கட்டில் 84 படங்கள்தான் என்பதால் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு எல்லாப் படமும் மனப்பாடம். அதற்கு மருந்து அட்டைக்கட்டை மாற்றுவதுதான். க்ஸாவியே கோலெத் வரைந்த 'ஜர்னி' பளிச்சென்று இருக்கும், ஃபிராங்க் தியோன் வரைந்த 'டேட்ரீம்ஸ்' கொஞ்சம் இருண்டது. எனக்கு இருண்டதுதான் பிடிக்கும், அதில் 'கனவு' என்று எழுத ஆளுக்குக் கை வராது.

அண்ணன் மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருக்கிறான். "சித்தப்பா, பெட்டியை வாங்கட்டுமா, இல்லை நீங்கள் ஆடுவதுபோல இணையத்திலேயே ஆடினால் போதுமா?" என்று கேட்டதோடு, தானும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஜாலியாக இருக்கும் என்றும் சொன்னான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின இரவுதான் 28 புள்ளியில் நின்றுகொண்டிருந்த என்னை ஒரு ஜோடி 'அதே பஸ் ஸ்டாண்ட்' என்ற குறிப்பால் தாண்டிப் போயிருந்தது. மேலே நான் எழுதிய புகழ்ச்சி எதையும் அவனிடம் சொல்லவில்லை. இணையத்தில் ஆடாதே, பெட்டியை வாங்கு என்று சொல்லிவிட்டேன். என் சந்தாவை மட்டும் இந்த மாதமும் புதுப்பித்திருக்கிறேன்.

அவனுக்குச் சொன்னதையே வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். 2021இல் வந்த பதிப்பில் எட்டுப் பேர் வரை ஆடலாம், பழைய பெட்டியில் ஆறு பேர்தான். குடும்பம் இன்னும் பெரிதென்றால் இதே ஆட்டத்தின் 'ஒடிஸி' பதிப்பில் 12 பேர் வரை உட்காரலாம். ஆனால் அவ்வளவு பேர் ஓட்டுப் போட்டு முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். மூவராக ஆட வேண்டாம். கதைசொல்லி தவிர மற்ற இருவரும் இரண்டிரண்டு அட்டை போட வேண்டியிருப்பதால் ஊகத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. நால்வர் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. அட்டைகளுக்கு உறை வாங்கும்போது அளவைப் பார்த்து வாங்குங்கள். இவை 80க்கு 120 மில்லிமீட்டர், சாதாரணச் சீட்டுக்கட்டு உறை பொருந்தாது. உறை போடாமல் மட்டும் ஆடாதீர்கள், முறுக்குத் தின்ற கையோடு யாராவது அட்டையை எடுப்பார்கள், எண்ணெய்க் கறை படிந்த அட்டையை அப்புறம் குறிப்பே இல்லாமல் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.