பையனை சிலம்பம் கிளாஸ்ல சேர்த்து எட்டு மாசம் ஆச்சு, எங்க அனுபவம் (மதுரை)

போன ஜூன்ல பெரியவனை சிலம்பம் கிளாஸ்ல சேர்த்தோம். வயசு ஒன்பது, நாலாம் கிளாஸ் படிக்கிறான். எங்க ஏரியா மைதானத்துல சாயங்காலம் நடக்குற கிளாஸ், போர்டு கூட கிடையாது, முப்பது பிள்ளைங்க வருவாங்க. குறையும் சேர்த்து எழுதப் போறேன், மாஸ்டர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பேரு போடல. ஆனா பிள்ளைய எங்க சேர்க்கலாம்னு நிறைய அம்மாக்கள் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் விவரமா எழுதுறேன்.

முதல்ல எதுக்கு சேர்த்தோம்னு சொல்லிடுறேன். காய்ச்சலுக்குன்னு குழந்தைங்க டாக்டர்ட்ட போனப்ப எடை பார்த்துட்டு, உயரத்துக்கு எடை கூடுதலா இருக்கும்மா, ஓடியாட விடுங்கன்னாரு. வீட்ல நடந்தது என்னன்னா, நாலரைக்கு ஸ்கூல் விட்டு வருவான், வந்ததும் க்ரீம் பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு, பால்ல மால்ட் பவுடர் ரெண்டு ஸ்பூன், அப்புறம் சோபாவுல மொபைல். ஒன்பது மணிக்கு நான் தட்டை வச்சா வாயை இறுக்க மூடிக்குவான். மொபைல்ல ஏதாவது ஓட விட்டாதான் ரெண்டு இட்லி இறங்கும், அதுவும் நான் ஊட்டணும். காய்னா பேச்சே கிடையாது. ஒரு நாள் அந்த பிஸ்கட் பாக்கெட்டை திருப்பிப் பார்த்தேன், 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரைன்னு போட்டிருந்துச்சு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம், கணக்கு போட்டுக்கோங்க. அவன் தின்னது சின்ன பாக்கெட்தான், ஆனா அதுக்கு மேல பால்லயும் சர்க்கரை, ஸ்கூல் வாசல் கடையில ஜவ்வு மிட்டாய் வேற. ஸ்கூல் வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா உள்ள அயிட்டம் விக்கக் கூடாதுன்னு மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-லயே விதி கொண்டு வந்துருச்சு, ஆனா நம்ம வாசல்ல தொங்குற சரத்தை நீங்களே பார்க்குறீங்க.

சரி, கிளாஸுக்கு வரேன். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், அஞ்சரைல இருந்து ஏழு மணி. மாசம் 500 ரூபா. சேர்ந்த முதல் மாசம் கையில கம்பே கொடுக்கல. எங்க வீட்டுக்காரர் கூட, என்ன இது காசு வாங்கிட்டு சும்மா குதிக்க விடுறாருன்னு கேட்டாரு. மைதானத்தை நாலு சுத்து ஓட்டம், தோப்புக்கரணம், தவளை மாதிரி தாவுறது, அப்புறம் காலடி. சிலம்பத்துல கால் வைக்கிற முறைதான் எல்லாமே, முன்னாடி ஒரு கால், பின்னாடி ஒரு கால், முட்டி லேசா மடங்கி, திரும்பும்போது எந்தக் கால் அசையணும்னு கணக்கு இருக்கு. அது மனசுல பதியாம கம்பு எடுத்தா தன் மேலயே அடிச்சுக்குவாங்கன்னு மாஸ்டர் சொன்னாரு. ரெண்டாவது மாசம்தான் கம்பு, நெத்தி உயரத்துக்கு அளந்து அவரே வெட்டிக் கொடுத்தாரு. முதல் வாரம் கையில கொப்புளம், விரல் முட்டியில வீக்கம். நான் பயந்துட்டேன். அவன் அந்தக் கையைத் தூக்கித் தூக்கி தங்கச்சிக்குக் காட்டிட்டு இருந்தான்.

இப்ப எழுத வந்த முக்கியமான விஷயம். ஏழு மணிக்கு கிளாஸ் முடிஞ்சதும் எல்லா பிள்ளைங்களும் வட்டமா உக்காந்து சுண்டல் சாப்பிடுறாங்க. மைதானத்துக்குள்ள பாக்கெட்ல வர்றது எதுவும் கொண்டு வரக் கூடாது, கலர் தண்ணி கூடாது, மாஸ்டர் போட்ட சட்டம் அது ஒண்ணுதான். சுண்டல் பெத்தவங்க முறை வச்சு செஞ்சு கொண்டு போகணும். முப்பது பேருக்கு ஒன்றரை கிலோ கருப்புக் கொண்டைக்கடலை, முந்தின நாள் ராத்திரியே ஊறப் போட்டு, காலையில தண்ணிய மாத்தி, சாயங்காலம் வேக வச்சு தேங்காய், கடுகு, கறிவேப்பிலை போட்டுத் தாளிச்சா ஆளுக்கு ஒரு கை தாராளமா வரும். ஒரு நாள் பச்சப்பயறு, ஒரு நாள் தட்டாம்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை அவிச்சது. என் பையன் கொண்டைக்கடலையை வாயில வச்சா துப்புறவன். அங்க எல்லாரும் திங்கும்போது இவனும் தின்னான். யாரும் சொல்லல, யாரும் ஊட்டல, அதுதான் எனக்கு ஆச்சரியம். (கூட தம்பி தங்கச்சியை கூட்டிட்டுப் போறவங்க கவனம், நாலு வயசுக்குக் கீழ இருந்தா முழுக் கடலை கொடுக்காதீங்க, தொண்டையில மாட்டும். எங்க சின்னவளுக்கு மூணு வயசு, நான் மசிச்சுத்தான் கொடுக்குறேன்.)

ஆகஸ்ட் மாசம்னு நினைக்கிறேன், ஒரு நாள் கிளாஸ் விட்டு வந்து கால் கழுவிட்டு நேரா அடுப்படிக்கு வந்தான். நான் வெண்டைக்காய் பொரியல் வதக்கிட்டு இருந்தேன், இன்னும் முழுசா வேகல. "அம்மா பசிக்குது, என்ன இருக்கு"ன்னான். சோறு வடிச்சிருக்கேன், ரசம் இருக்கு, பொரியல் அஞ்சு நிமிஷத்துல ஆயிடும்னேன். அவன் நிக்கல, சட்டியில இருந்தே நாலு துண்டை எடுத்து ஊதி ஊதித் தின்னான். மேடையில கையை ஊனி நின்னுட்டு, வேர்த்த சட்டையோட. நான் கரண்டியைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னுட்டேன். ஒன்பது வருஷத்துல அவன் வாயில இருந்து பசிக்குதுங்கிற வார்த்தையை நான் கேட்டது குறைவுங்க. பசிக்க விட்டதே இல்லையே நாங்க. நாலரைக்கு பிஸ்கட்டும் பாலும் கொடுத்து வயித்தை நிரப்பிட்டு, உக்கார வச்சுட்டு, ஒன்பது மணிக்கு சாப்பிடு சாப்பிடுன்னு அழுதுருக்கேன். பசியில்லாத பிள்ளைக்கு காய் எப்படிங்க ருசிக்கும்?

அதுல இருந்து வீட்ல மாத்தினது ரெண்டே விஷயம். ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ, தண்ணி, அவ்வளவுதான், பிஸ்கட் டப்பாவை வாங்குறதையே நிறுத்திட்டோம். ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்கு கொண்டு வந்துட்டோம், எல்லாரும் ஒண்ணா தரையில உக்காந்து, அவரு போன் உட்பட எல்லா போனும் டிவி மேல. முதல்ல அத்தைதான் ஒத்துக்கல, வளர்ற பிள்ளைக்கு பால்ல ஒண்ணும் கலக்காம கொடுக்குறியேன்னு வருத்தப்பட்டாங்க. அந்த மாதிரி பவுடரையெல்லாம் ஹெல்த் ட்ரிங்க்னு போட்டு விக்காதீங்கன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கம்பெனிகளுக்கு சொல்லிடுச்சு அத்தைன்னு காட்டுனேன். இப்ப அவங்களே பால்ல மஞ்சத்தூளும் மிளகும் போட்டுக் கொடுக்குறாங்க.

இப்பவும் பாகற்காய் தொட மாட்டான், கல்யாண வீட்டுக்குப் போனா ஐஸ்க்ரீம் ரெண்டு கப் கேப்பான், கொடுக்குறோம். எடை குறையணும்னு கிளாஸ் அனுப்பல, அதைப் பத்தி அவன் காதுபட பேசறதும் இல்ல. எட்டு மாசத்துல மூணு சென்டிமீட்டர் வளர்ந்துருக்கான், எடை அப்படியே நிக்குது, டாக்டர் இது போதும்னுட்டாரு. அஞ்சுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க தினமும் சராசரியா 60 நிமிஷம் நல்லா உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க ஸ்கூல்ல பிடி பீரியட் வாரத்துக்கு ரெண்டு, அதுலயும் ஒண்ணை பரீட்சை நேரத்துல கணக்கு மிஸ் எடுத்துக்குவாங்க. இந்த ஒன்றரை மணி நேரம் இல்லைன்னா அந்த 60 நிமிஷத்துக்கு நாங்க எங்க போவோம்?

குறைகள். மழை வந்தா கிளாஸ் கிடையாது, ஐப்பசி கார்த்திகையில பாதி நாள் போச்சு, அந்த நேரத்துல வீட்ல ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்து சமாளிச்சேன், கிளாஸ்ல ஆடுற அளவுக்கு ஆர்வம் வரல. மைதானத்துல லைட் ஒண்ணுதான் எரியும், கொசு பயங்கரம், முழுக்கை போட்டு அனுப்புங்க. பாத்ரூம் இல்ல. பொம்பளைப் பிள்ளைங்க பத்துப் பேர் வர்றாங்க, பெரிய பிள்ளைங்களுக்கு இது ரொம்ப கஷ்டம், ரெண்டு அக்காமார் இதனாலயே நின்னுட்டாங்க, எனக்கு ரொம்ப வருத்தம். அப்புறம் போட்டி. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பத்தை டெமோ விளையாட்டா சேர்த்தாங்க இல்ல, அதுக்கப்புறம் போட்டிகள் நிறைய நடக்குது. ஒவ்வொண்ணுக்கும் என்ட்ரி ஃபீஸ், டிரெஸ், வண்டி செலவுன்னு ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகுது, எல்லாரும் போகணும்னு கொஞ்சம் அழுத்தமும் இருக்கு. நாங்க ஒண்ணுக்குப் போனோம், முதல் சுத்துலயே தோத்துட்டான், வர்ற வழியெல்லாம் பேசல. அடுத்ததுக்கு அவனா கேட்டா பார்க்கலாம்னு மாஸ்டர்ட்ட சொல்லிட்டோம், அவரும் சரின்னுட்டாரு.

சேர்க்க நினைக்கிறவங்க, பக்கத்துல எந்த கிளாஸா இருந்தாலும் முதல்ல ரெண்டு நாள் போய் ஓரமா நின்னு பாருங்க. சேர்ந்த அன்னைக்கே கம்பைக் கையில கொடுத்து வீடியோ எடுக்குற இடம்னா வேண்டாம். பிள்ளைங்களுக்கு நடுவுல கம்பு சுத்துற அளவு இடைவெளி விடுறாங்களான்னு பாருங்க, தப்பா ஆடுற பிள்ளையை எப்படித் திருத்துறாங்கன்னு பாருங்க. எங்க மாஸ்டர் ஒரு தடவை கூட குண்டுன்னோ சோம்பேறின்னோ ஒரு பிள்ளையைச் சொல்லி நான் கேட்டதில்ல. "தம்பி, காலைப் பாரு" அவ்வளவுதான். அதுக்காகவே மழைக்காலத்துல பாதி நாள் போனாலும் ஃபீஸை முழுசாக் கொடுத்தோம்.

சுண்டல் முறை நாளைக்கு எங்க வீடு. தட்டாம்பயறு ஊறப் போட்டாச்சு, மாங்காய் துருவிப் போடச் சொல்லி பெரியவன் ஆர்டர்.