வீட்டு டிரெட்மில்: ஓராண்டு ஓட்டிய பிறகு தெரியவருபவை

டிரெட்மில் வாங்கிய முதல் மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் திரையைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும்தான் அதிகம் இருக்கும். உடல் எடை இறங்கியதா, பெல்ட் தாக்குப்பிடித்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கு அப்போது விடை கிடைக்காது. நீண்டகாலப் பயன்பாட்டில் தீர்மானமாகத் தெரிவது இதுதான்: எடையைக் குறைப்பது ஏற்றம், மிஷினைக் காப்பாற்றுவது எண்ணெய்.

முதலில் ஏற்றம், அதாவது பெல்ட்டின் முன்பக்கத்தை உயர்த்தி மேட்டில் ஏறுவதுபோல் வைக்கும் சாய்வு. 80 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளமாக 30 நிமிடம் நடந்தால் சுமார் 140 கலோரி செலவாகும். அதில் 40 கலோரி சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடையின் பலன் 100 கலோரி. வேகத்தை மாற்றாமல் 5 சதவீத ஏற்றம் வைத்தால் மொத்தச் செலவு 230-க்கு வந்துவிடும், 10 சதவீதத்தில் 320-ஐத் தொடும். ஓடத் தேவையில்லை, மூட்டுகளில் ஓட்டத்தின் அதிர்வும் இல்லை. மிஷினின் திரை காட்டும் கலோரி கணக்கை நம்ப வேண்டாம். உங்கள் எடையைக் கேட்காத மிஷின் ஏதோ ஒரு சராசரி எடைக்குத்தான் கணக்கிடுகிறது.

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. அதே 80 கிலோ ஆள் 5 சதவீத ஏற்றத்தில் ஒரு நாளைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் நடந்தால் நிகரமாக 1,400 கலோரி போகும். சாப்பாட்டின் அளவு மாறாதவரை வாரத்துக்கு 180 கிராம், ஒரு கிலோ குறைய ஐந்தரை வாரம். இந்தக் கணக்கை முதலிலேயே தெரிந்துகொள்வது மிக முக்கியம். புதிதாக உழைக்கத் தொடங்கும் தசைகள் தண்ணீரைப் பிடித்துவைப்பதால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடை நின்றுவிடலாம், சிலருக்குக் கூடவும் செய்யும். பலர் மிஷினைக் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான். காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து வையுங்கள்.

கைப்பிடியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நடந்தால் உடல் பெல்ட்டுக்குச் செங்குத்தாகிவிடும். ஏறும் வேலையில் பெரும்பகுதி காலைவிட்டுக் கைக்குப் போய்விடும். திரையில் 10 சதவீதம் என்று இருக்கும், கால்கள் செய்வது கிட்டத்தட்ட சமதள நடை. கையை விட்டு நடக்க முடியாத ஏற்றம் உங்களுக்கு இன்னும் உரியதல்ல. 3 சதவீதத்துக்கு இறக்கிக் கைவீசி நடப்பது எவ்வளவோ மேல்.

கூட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் 20 நிமிடம், வாரம் 4 நாள், மணிக்கு 4 முதல் 4.5 கி.மீ., ஏற்றம் இல்லை. அடுத்து வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 45 நிமிடத்தை எட்டுங்கள். அதன் பிறகே ஏற்றம், அதுவும் வாரத்துக்கு 1 சதவீதம். நேரம், வேகம், ஏற்றம் மூன்றையும் ஒரே வாரத்தில் தொட்டால் ஏதாவது ஓரிடம் வலிக்கத் தொடங்கும். வேகத்தை அவசரமாகக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரம், ஏற்றத்தை அவசரமாகக் கூட்டினால் கெண்டைக்கால், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண். தசை சில வாரங்களில் பழகிவிடும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கினாலும் முழு வாக்கியம் பேச முடிகிற அளவே சரியான தீவிரம். இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

உடல் திறன் கூடுவதை எடை இயந்திரம் காட்டாது. ஒரு குறிப்பிட்ட வேகம், ஏற்றம் வைத்து 10-ஆவது நிமிடத்தில் இதயத் துடிப்பைக் குறித்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே அமைப்பில் மறுபடி பாருங்கள். எண்ணிக்கை இறங்கியிருந்தால் இதயம் தேறியிருக்கிறது. கைப்பிடியில் உள்ள சென்சார் துல்லியமாக இருக்காது, பிடிக்கவும் வைத்துவிடும். மார்பில் கட்டும் பட்டை நல்லது.

10 கிலோ குறைந்த பிறகு எடை நின்றுவிட்டதே என்பது அடிக்கடி கேட்கும் கவலை. 80 கிலோவில் 230 கலோரி எடுத்த அதே 30 நிமிட, 5 சதவீத ஏற்ற நடை 70 கிலோவில் 200 மட்டுமே எடுக்கும். ஏற்றத்தை 5-லிருந்து 7-ஆக்கினால் பழைய 230 திரும்பிவிடும். வாரம் இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டும். டிரெட்மில் அதைத் தராது.

இனி மிஷின். வாங்கும்போது மோட்டாரின் உச்சக் குதிரைத்திறனைப் பார்க்காமல் தொடர்ச்சியான குதிரைத்திறனை, அதாவது நிற்காமல் ஓடும்போது மோட்டார் தரும் திறனைக் கேளுங்கள். கனமானவர் மிக மெதுவாக நடக்கும்போதுதான் மோட்டாருக்குச் சுமை அதிகம். ஏற்றத்தில் உடல் எடையே பெல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுவதால் சுமை குறைகிறது என்பது பலருக்கும் தெரியாத நல்ல செய்தி.

கெட்டுப்போகும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பெல்ட்டுக்கும் அதைத் தாங்கும் அடிப்பலகைக்கும் இடையில் எண்ணெய் காய்கிறது, உராய்வு கூடுகிறது, மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கிறது, மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையான கண்ட்ரோல் போர்டு சூடாகிக் கருகுகிறது. பழி மோட்டார்மேல் விழுகிறது. காய்ந்த பெல்ட்டை அப்படியே விட்டுப் புது போர்டு போட்டால் அதுவும் கருகும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்பு இல்லையென்றால் கலப்பில்லாத சிலிக்கோன் எண்ணெயை இரு பக்கமும் பெல்ட்டைத் தூக்கி, பக்கத்துக்கு 10 முதல் 15 மி.லி. வரை, பலகையின் நடுப்பகுதியில் வளைவளைவாக விடுங்கள். பிறகு 5 நிமிடம் மெதுவாக நடந்தால் பரவிவிடும். சமையல் எண்ணெய், இன்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது, பெல்ட்டைக் கெடுத்துவிடும். அளவு மீறினாலும் பெல்ட் வழுக்கும். மெழுகு பூசிய பலகை உள்ள மாடல்களுக்கு எண்ணெயே கூடாது, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஆளில்லாமல் ஓடவிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கப் பின் போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) கடிகாரச் சுற்றில் கால் சுற்று இறுக்குங்கள். இரண்டு நிமிடம் கவனித்துவிட்டே அடுத்த கால் சுற்று. கால் வைக்கும்போது பெல்ட் திக்கி நின்றால், முன் உருளையைக் கவனிக்கச் சொல்லுங்கள். உருளை சுற்றிக்கொண்டே பெல்ட் மட்டும் நின்றால் நடைபெல்ட் தளர்ந்திருக்கிறது. இரு போல்ட்டையும் சமமாக இறுக்க வேண்டும். மோட்டார் சுற்ற, உருளையும் நின்றுவிட்டால் கோளாறு உள்ளேயிருக்கும் மோட்டார் பெல்ட்டில். நடைபெல்ட்டை நடுவில் 5 முதல் 7 செ.மீ. தூக்க முடிவதே பெரும்பாலான மிஷின்களில் சரியான இறுக்கம். அதற்குமேல் இறுக்கினால் பேரிங் போய்விடும்.

எர்த் உள்ள தனிச் சாக்கெட், பின்னால் 2 மீட்டர் காலியிடம், உடையில் மாட்டிய பாதுகாப்புச் சாவி (கழன்றால் மிஷினை நிறுத்திவிடும்) மூன்றும் தவறக் கூடாது. பின் உருளையில் குழந்தையின் விரல் சிக்கினால் காயம் பயங்கரமாக இருக்கும். நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். மோட்டார் மூடிக்குள் சேரும் தூசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

சில ஆண்டுகளில் பெல்ட்டின் அடித்துணி பளபளவென்று தேய்ந்துவிடும். அப்போது பலகையிலும் கால்படும் இடத்தில் பள்ளம் தென்படும். சில மாடல்களில் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். தேய்ந்த பலகைமேல் புதுப் பெல்ட் மட்டும் போடாதீர்கள், அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.