கம்பியில் குத்திய சீட்டும் ஈஆர்பியும்

போன வருடத்துக்கு முந்தின ஆயுத பூஜையன்று சர்வருக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி எங்கள் ஈஆர்பியை, அதாவது ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருளை, தொடங்கினோம். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வாங்கலாமா என்று திருப்பூரில் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், வந்து உட்கார்ந்து வேலை செய்த பையன்கள் நல்லவர்கள்.

எங்களுடையது 85 மிஷின் ஓடும் பனியன் கம்பெனி. ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறோம். நான் 16 வருடமாக பிளானிங் பார்க்கிறேன். இங்கே கட்டிங்கும் தையலும் பேக்கிங்கும்தான் எங்கள் கூரைக்குக் கீழே நடக்கிறது. நூலாக வாங்குவது துணியாகப் பின்ன நிட்டிங்குக்குப் போகும், அங்கிருந்து சாயப்பட்டறை, அப்புறம் துணி பின்னால் சுருங்காமல் இருக்க காம்பாக்டிங். பிரிண்டிங், எம்பிராய்டரி தனி. ஒவ்வொரு நடைக்கும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சீட்டு. ஒரே ஆர்டரின் துணி ஒரே நாளில் ஐந்து இடத்தில் கிடக்கும். எது எங்கே என்பது எங்கள் ஸ்டோர் அண்ணன் தலைக்குள்ளும், அவர் மேசையோரம் கம்பியில் குத்தி வைத்த மஞ்சள் சீட்டுகளிலும்தான் இருந்தது. அவர் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் நாங்கள் எல்லோருமே படுத்தோம்.

மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்றார்கள் மென்பொருள்காரர்கள். ஒன்பது மாதம் ஆனது. தவறு பாதி எங்களுடையது. பொருள்களின் பட்டியலைச் சுத்தமாகக் கொடுக்கச் சொன்னார்கள், எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. ஒரே நூலுக்கு ஆறு பெயர் வைத்திருந்தோம். மீதிப் பாதி அவர்களுடையது. பனியன் தொழிலுக்கென்றே செய்தது என்று சொல்லி விற்ற மென்பொருளில் நிறம், சைஸ் கட்டம் கிடையாது. நாலு நிறம், ஐந்து சைஸ் என்றால் ஒரே ஸ்டைலுக்கு 20 ஐட்டம் தனித்தனியாகத் திறக்க வேண்டும். சண்டை போட்டு, தனியாகப் பணம் கொடுத்து, அந்தக் கட்டத்தைச் செய்து வாங்கினோம். டெமோவில் உங்கள் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொடுத்து, கண் முன்னால் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுடைய மாதிரி ஆர்டர் எப்போதுமே அழகாக ஓடும்.

அளவு மாற்றுவதிலும் பட்டோம். பட்டன் குரோஸ் கணக்கில் வரும், ஒரு குரோஸ் 144. எங்கள் உதவியாளர் 50 குரோஸை 50 பீஸ் என்று ஏற்றிவிட்டார். பட்டன் போதாது என்று சிவப்பில் எச்சரிக்கை வர, பர்ச்சேஸில் மறுபடி ஆர்டர் போட்டுவிட்டார்கள். அந்த நீலப் பட்டன் இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

ஸ்டோர் அண்ணனுக்குத் திரையெல்லாம் ஆங்கிலம். “ஏன் அம்மிணி, தமிழ்ல இருந்தா இந்தக் கம்ப்யூட்டருக்கு வலிக்குமா?” என்று கேட்டார். சீட்டுகளை வழக்கம்போலக் கம்பியில் குத்திவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பையனை வைத்து மொத்தமாக ஏற்றினார். காலையில் வந்த துணி சிஸ்டத்தில் இரவுதான் தெரியும். அப்படியென்றால் பகல் முழுக்க சிஸ்டம் பொய் சொல்கிறது, நாங்கள் பழையபடி அவரிடமே போய்க் கேட்கிறோம். நாலைந்து மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் எடை மிஷின் பக்கத்திலேயே போட்டோம். எடை போட்டு, ஏற்றி, அப்புறம்தான் வண்டிக்காரருக்குக் கையெழுத்து. லட்சக்கணக்கில் செலவழித்த மென்பொருளை வேலை செய்ய வைத்தது ஒரு மேசையும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்.

அதற்குப் பிறகு கிடைத்த ஒரு ரிப்போர்ட்டுக்காகவே எல்லாவற்றையும் மன்னிப்பேன்.

24,000 பீஸ் ஆர்டர் ஒன்று. பீஸுக்கு 220 கிராம் துணி, மொத்தம் 5,280 கிலோ வேண்டும். சாயத்தில் 8 சதவீதம் குறையும் என்று வைத்து 5,740 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) அனுப்பினோம். திரும்பி வந்ததில் வெட்டியது 23,220 பீஸ்தான். 780 குறைவு. பையர் 3 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார், அதாவது 720. அதையும் தாண்டிவிட்டது. இது புதிதில்லை, வருடத்துக்கு நாலைந்து ஆர்டர் இப்படி ஆகும். ஒவ்வொரு முறையும் திட்டு கட்டிங் மாஸ்டருக்கு. லே (வெட்டுவதற்குத் துணியை அடுக்குவது) சரியாகப் போடவில்லை, துணியை வீணாக்குகிறார், இன்னும் வாயில் வராததெல்லாம்.

இந்த முறை லாட் (ஒரே தடவையில் சாயத்துக்குப் போகும் துணி) வாரியாக, அனுப்பிய எடை, வந்த எடை, என்ன ப்ராசஸ் என்று நாற்பது லாட்டை வரிசைப்படுத்திப் பார்த்தேன். வெறும் சாயம் போட்டவை 7, 8-இல் நிற்கின்றன. பயோ வாஷ் போட்டவை எல்லாம் பத்தரைக்கு மேல். பயோ வாஷில் என்சைம் துணியின் மேலே உள்ள மயிரைத் தின்றுவிடும், எடை குறையாமல் என்ன செய்யும்? சாயப்பட்டறை மாஸ்டரைக் கேட்டால், “அது தெரிஞ்சதுதானுங்களே” என்கிறார். எங்கள் காஸ்டிங் ஷீட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் 8. பயோ வாஷ் கேட்கிற பையர்கள் எங்களிடம் வருவதற்கு முன்னால் யாரோ போட்ட 8.

அதை 11 என்று மாற்றினோம். துணி கூடுதலாக வாங்குவதோடு விலையும் அதற்குத் தக்கபடி சொல்கிறோம். முன்பு அந்த மூன்று சதவீதத்தை நாங்கள்தான் தின்றுகொண்டிருந்தோம். கட்டிங் மாஸ்டரிடம் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கத்தரியைக் கீழே வைக்காமலேயே, “நான் எத்தனை வாட்டி சொன்னனுங்க” என்றார். சொல்லியிருக்கிறார்தான்.

இன்னொரு பிரயோஜனம் ஜாப் ஒர்க் கணக்கு. ஜிஎஸ்டி சட்டப்படி வெளியே வேலைக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாக வைத்து வரி கேட்பார்கள். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சரக்குக் கணக்கை ஐடிசி-04 என்ற படிவத்தில் போட வேண்டும். முன்பு அக்டோபர் வந்தால் ஒரு வாரம் மஞ்சள் சீட்டைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருப்போம். இப்போது அரை நாள். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும் என்று 2024 ஏப்ரல் முதல் வந்ததே, அதற்கும் எந்த பில் எத்தனையாவது நாளில் நிற்கிறது என்று தெரிகிறது. நிட்டிங்காரர்கள் போன் செய்து கத்துவது குறைந்திருக்கிறது.

டாஷ்போர்டு என்று தனியாக ஒன்று விற்றார்கள். முதலாளி கேபினில் பெரிய டிவி மாட்டி அதில் ஓடியது. வட்டத்தை வெட்டி வெட்டிக் கலர் கலராகக் காட்டும். ஒரு வாரம் பார்த்தார். “என்னம்மா இது, கேக்கு மாதிரி இருக்குது” என்றார். இப்போது அந்த டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. அவருக்கு வேண்டியது காலையில் ஒரே வரி: எந்த ஷிப்மென்ட் எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறது. அதை நான் வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன்.

பிளானிங் மாட்யூல் இன்னும் மோசம். என் வேலையைச் செய்ய வந்தது என்ற கோபத்தில் சொல்லவில்லை. 85 மிஷினுக்கும் தினமும் ஆள் இருக்கிறது என்றே அது நினைக்கிறது. சனிக்கிழமை சம்பளம் கொடுத்தால் திங்கட்கிழமை லைனில் எத்தனை நாற்காலி காலி என்று அதற்குத் தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒடிசா, பீகார் பையன்கள் ரயில் டிக்கெட் கிடைத்தால்தான் வருவார்கள். 22 நாளில் முடியும் என்று அது சொன்ன ஆர்டர் 31 நாள் ஆனது. நான் பென்சிலில் போட்டது 30.

செலவு: மென்பொருளும் அதை நிறுவியதும் சேர்த்து ஆறரை லட்சம், கட்டத்துக்காகக் கொடுத்தது வேறு. பராமரிப்புக்கு வருடா வருடம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பத்து இருபது மிஷின் வைத்து உள்ளூருக்கு ஓட்டுபவர்கள் இதற்குள் வரவே வேண்டாம். டேலியும் ஒழுங்காகப் போட்ட ஒரு எக்ஸெல்லும் போதும். ஈஆர்பி நெக்ஸ்ட் மாதிரி இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன, ஆனால் அதைக் கட்டி மேய்க்க ஒரு ஆள் சம்பளத்துக்கு வேண்டும். துணி நாலு இடம் சுற்றி வருகிற எங்களைப் போன்றவர்கள் வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதில் இரண்டு அந்த லாட் ரிப்போர்ட்டுக்கு.

அடுத்த மாதம் பராமரிப்பு புதுப்பிக்க வேண்டும். டாஷ்போர்டை எடுத்துவிட்டு மீதிக்கு மட்டும் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. ஸ்டோரில் கம்பி அப்படியே இருக்கிறது. சிஸ்டத்தில் ஏற்றிய பிறகு அண்ணன் சீட்டை அதில் குத்துகிறார். போன வாரம் நெட் இல்லாத அரை நாள், அவரிடம் போய்த்தான் கேட்டேன்.