நாவலடிக் கரையிலிருந்து தூண்டில் போட் பயணம்: மீன் குறைவு, ஆனாலும் திரும்பப் போவேன்

சித்திரை விடுமுறைக்கு வந்த மைத்துனர், கடலில் தூண்டில் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். மட்டக்களப்பு நாவலடியில் ஆட்களை ஏற்றிப் போகிற மீனவர் ஒருவரைப் பிடித்தோம். பைபர் போட், மூன்று பேர், ஆறு மணித்தியாலம், 30,000 ரூபாய். எஞ்சினுக்கான எண்ணெயும் காலைச் சாப்பாடும் அதற்குள்.

முதல்நாள் இரவு அவரே போன் எடுத்தார். "மனே, ரெண்டு நாளா நீரோட்டம் கடுமையா இழுக்குது. மீன் கடிக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன். வேணுமெண்டா நாள மாத்துவம்." போன வருடம் வேறொரு போட்டில், தளப்பத்து மீன் கட்டாயம் படும் என்று காசை முன்கூட்டியே வாங்கிவிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் எங்களைக் கரையில் இறக்கிவிட்டார்கள். அதனால் இந்த ஐயாவின் பேச்சு எனக்குப் பெரிதாகப் பட்டது. நாள் மாற்ற வழியில்லை, போனோம்.

விடியப்புறம் ஐந்து மணிக்கு நாங்களும் சேர்ந்து போட்டைத் தள்ளினோம். அலை தாண்டும் முன்பே உயிர்காப்பு அங்கியைப் போடச் சொன்னார். தான் முதலில் போட்டுக்கொண்டார். பாலமீன்மடு வெளிச்சவீடு சிறுத்துக்கொண்டே போனது. அறுக்குளா மீனுக்காக ஒரு மணித்தியாலம் இரையை இழுத்துக்கொண்டு ஓடினோம். ஒன்றும் இல்லை.

பிறகு கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கு மேலே நின்றோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி அது. 300 பேருக்கு மேல் அதோடு போனார்கள். கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர், ஆழம் 53 மீற்றர். ஐயாவின் கணக்கில் 29 பாகம் (ஒரு பாகம் இரண்டு கையையும் விரித்த நீளம்). ஈயக்கட்டி இறங்க இறங்கத் தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) விரலில் ஓடிக்கொண்டே இருக்கும், தரை தட்டினதும் சட்டென்று தளரும். அன்று அந்தத் தளர்வே வரவில்லை. நீரோட்டம் கட்டியைச் சரித்துக்கொண்டு போனது. ஐயா எஞ்சினைப் போட்டு மறுபடி மேலேற்றி நிறுத்துவார், நாங்கள் மறுபடி இறக்குவோம். இப்படிப் பத்துத் தடவையாவது இருக்கும், அவர் முகம் சுளிக்கவில்லை. இரையாகக் கோர்த்த சூடை மீன் தலை மட்டும் மிச்சமாக மேலே வந்தபோது மைத்துனர் துள்ளினார், கீழே ஏதோ இருக்கிறதே என்று.

நடுவில் பிட்டும் மீன் பொரியலும். சூடு ஆறவில்லை, நல்ல ருசி.

பத்து மணிக்கு ஒரு பெரிய இழுப்பு. கம்பு வளைந்தது, ரீல் பிரேக் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, தங்கூசி அறுந்தது. என்ன மீன் என்றுகூடப் பார்க்கவில்லை. இன்றும் அது என் நெஞ்சில் கிடக்கிறது. "அது என்ட பிழை மனே" என்று கரையில் 5,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். கேட்காமலே.

கிடைத்தது இரண்டு விளைமீன், ஒரு சின்னப் பாரை. கைக்கடக்கமான கலவாய்க் குஞ்சு ஒன்றை அவரே கழற்றிக் கடலில் விட்டார்.

நிழலுக்கு ஒரு படங்காவது கட்ட வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் தாங்க முடியாது. தொப்பியும் நீளக்கைச் சட்டையும் கட்டாயம். வாடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம், கடல் விடாது. நாங்கள் ஆவணிக்கு முன் இன்னொரு தடவை சொல்லி வைத்திருக்கிறோம். ரீலை நான் கொண்டு போகிறேன்.