ஆங்கிலத்தில் மூன்று புள்ளி: இடம் விட்டா, ஒட்டியா, ஒற்றை எழுத்தாகவா?

மேற்கோளில் நடுவே சிலதை விட்டுவிட்டோம் என்று காட்டவும், பேச்சு முடியாமல் இழுபடுவதைக் காட்டவும் ஆங்கிலத்தில் எலிப்சிஸ் போடுகிறோம். பேச்சைச் சட்டென்று வெட்டினால் அதற்கு நீளக்கோடு, அது வேறு கதை. இந்த மூன்று புள்ளியை எழுத மூன்று வழி இருக்கிறது: இடையிடையே இடம் விட்டு ( . . . ), ஒட்டி (...), அல்லது யூனிகோடில் அதற்கென்றே இருக்கும் ஒற்றை எழுத்தாக (…). ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் மூன்றோடும் மல்லுக்கட்டிவிட்டு, இப்போது ஒட்டிய புள்ளிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

எது சரி என்று கேட்டால் மூன்றும் சரிதான். ஆங்கில எழுத்துநடைக் கையேடுகளில் சிகாகோவும், மொழி, இலக்கியத் துறைகளின் எம்எல்ஏவும் இடம் விடச் சொல்கின்றன. உளவியல் துறையின் ஏபிஏ, இடம் விட்டாலும் ஒற்றை எழுத்தைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது. செய்தித்துறையின் ஏபி கையேடோ இதை மூன்றெழுத்துச் சொல் போல நடத்தச் சொல்கிறது: உள்ளே இடம் கிடையாது, இரு பக்கமும் ஓர் இடம். பதிப்பகமோ கல்லூரியோ ஒன்றைக் கேட்டால் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். தேர்வு நம் கையில் இருந்தால்தான் இந்த அலசல்.

இடம் விட்ட புள்ளிகள் அச்சில் அழகு, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண இடைவெளி என்றால் வரி எங்கே வேண்டுமானாலும் உடையும். ஒரு புள்ளி வரிக் கடைசியில் நிற்க, மிச்சம் இரண்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். அதைத் தடுக்க, வரியை உடையவிடாத இடைவெளியான நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் வேண்டும். விண்டோஸ் வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்டோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினால் வரும். இதையே மின்னஞ்சலிலோ வேறொரு எடிட்டரிலோ ஒட்டும்போது அது சாதாரண இடைவெளியாக மாறிவிடுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபோனில் வரி அகலம் மாறும்போதுதான் குட்டு உடையும்.

ஒற்றை எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை, புள்ளிகள் பிரியவே பிரியாது. வேர்டில் மூன்று புள்ளி அடித்தால் தானாகவே இதுவாக மாறும். மேக்கில் ஆப்ஷனோடு அரைப்புள்ளி விசை, விண்டோஸில் ஆல்ட்டோடு 0133. பிறகு ஏன் இதை விட்டேன்? பராமரிப்பு. வேர்டில் அடித்த பகுதியில் ஒற்றை எழுத்து இருக்கும். வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டிய பகுதியில் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும். ஒன்றைத் தேடினால் இன்னொன்று சிக்காமல் போகலாம். எல்லாவற்றையும் திருத்திவிட்டதாக நினைத்துக் கோப்பை மூடுவோம், பாதி அப்படியே கிடக்கும்.

அப்புறம் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. இன்று பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த எழுத்து மூன்று பைட். பழைய மென்பொருள் ஏதாவது அதை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற விண்டோஸ்-1252 முறை என்று நினைத்துப் படித்தால் தொப்பி போட்ட ஓர் ‘ஏ’, ஒரு யூரோக் குறி, நடுவில் உடைந்த ஒரு செங்குத்துக் கோடு என்று வந்து நிற்கும். எஸ்எம்எஸ்ஸில் இன்னும் மோசம். அங்கே வழக்கமாகப் பயன்படும் ஜிஎஸ்எம் 7-பிட் எழுத்துப் பட்டியலில் இது இல்லை. இது ஒன்றே ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் வேறு என்கோடிங்குக்கு மாறி, 160 எழுத்து வரம்பு 70ஆகச் சுருங்கிவிடும்.

ஒட்டிய புள்ளிகளுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. எந்த விசைப்பலகையிலும் உண்டு, எங்கே ஒட்டினாலும் மாறாது, தேடினால் கிடைக்கும், நடுவே வரியும் உடையாது. எலிப்சிஸ் வரித் தொடக்கத்தில் போய் நிற்பது பிடிக்காவிட்டால் முன்னால் மட்டும் ஒரு நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் போடலாம். அச்சுக்கு வேறு வடிவம் கேட்டால் கடைசியில் ஒரே ஒரு ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்.

அதிலும் கவனிக்க ஒன்று உண்டு. முடிந்த வாக்கியத்துக்குப் பிறகு எதையாவது விட்டால், முற்றுப்புள்ளியும் சேர்ந்து நான்கு புள்ளி வரும். நான்கையும் ஒட்டி எழுதியிருந்தால் ரிப்ளேஸ் முதல் மூன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் புள்ளியை அநாதையாக விட்டுவிடும். ஏபி முறையில் முற்றுப்புள்ளி சொல்லோடு ஒட்டி நிற்கும், பிறகு ஓர் இடம், அதன் பிறகுதான் மூன்று புள்ளி (. ...). ரிப்ளேஸ் தடுமாறாது.

கதைப் புத்தகங்களில் நான் அதிகம் கைவைத்ததில்லை. அங்கே பக்க வடிவமைப்பாளர் சொல்வதைக் கேட்பதுதான் நல்லது என்று படுகிறது. செயலிகளின் மெனுவில் ‘இன்னும் தகவல் கேட்போம்’ என்று உணர்த்த வரும் புள்ளிகளுக்கு ஒற்றை எழுத்தே போதும். அந்த உரையை யாரும் வெட்டி ஒட்டப் போவதில்லை.

ஒட்டிய புள்ளிகளுக்கு மாறுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வேர்டில் அடித்ததைத் தானாக மாற்றும் ஆட்டோகரெக்ட் பட்டியலில் மூன்று புள்ளிக்கான வரியை நீக்குவது. இல்லையென்றால் நீங்கள் அடிக்க அடிக்க அது மாற்றிக்கொண்டே இருக்கும்.