ஷொக் அப்சோபர் பார்சலில் ஏமாந்தேன், கவனம்

முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ வாகன உதிரிப்பாகம் ஓடர் பண்ணப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்.

என்னுடையது 2015 வேகன் ஆர், ஹயர் ஓடுகிற கார். முன் சில்லுகளின் அதிர்வைத் தாங்கும் ஷொக் இரண்டும் போய்விட்டன. உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் அரை நாள் போய்விடும் என்று நினைத்து, முகநூல் பக்கமொன்றில் விசாரித்தேன். "அண்ணே, பிராண்ட் நியூ, ஜப்பான் சாமான், கடைசிச் சோடி. நாளைக்கே வீட்டுக்கு வரும்" என்றார் விற்கிறவர். விலை 38,000 ரூபாய், பாதி முற்பணம். வங்கிக் கணக்கு கடைப் பெயரில் இல்லை, தனி ஆளின் பெயரில் இருந்தது. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். போட்டுவிட்டேன்.

நாளை என்றது ஒன்பது நாளானது. கார் தெமட்டகொடை கராஜில் ஜாக்கில் நின்றது, எனக்கு ஒரு ஹயரும் இல்லை. கேட்டபோதெல்லாம் "கூரியரில் லேட் அண்ணே". சண்டை பிடித்துத்தான் ட்ராக்கிங் நம்பர் வாங்கினேன். பார்த்தால் பார்சலைக் கூரியரிடம் கொடுத்ததே அதற்கு முந்தின நாள் மாலைதான்!

கொண்டுவந்த தம்பி, மிச்சக் காசைத் தராமல் பெட்டியைத் திறக்க விடவில்லை. அவரில் பிழையில்லை, அவருக்கு மேலே சொல்லியிருப்பது அப்படி. கொடுத்துவிட்டு கராஜுக்குக் கொண்டுபோனேன். பளபளவென்று கறுப்புப் பெயின்ட். கராஜ் மெக்கானிக் பாஸ் நகத்தால் சுரண்டினார், அடியில் துரு. போல்ட் ஓட்டையைச் சுற்றி, முன்பு நட் இறுக்கிய வளையத் தழும்பு. காஸ் ஷொக்கின் தண்டை அமுக்கி விட்டால் தானாக மெல்ல மேலே வரவேண்டும். ஒன்று அமுங்கியபடியே கிடந்தது, சீலடியில் எண்ணெய் கசிந்தது. பிரேக் பிடிக்கும்போது டயர் ரோட்டை விடாமல் இருப்பது இதை நம்பித்தான். நான் காலையில் ஏற்றுவது ஸ்கூல் பிள்ளைகளை. அந்தக் காரில் பூட்டவா இதை அனுப்பினார்கள்?

படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு என் நம்பரை ப்ளொக் பண்ணிவிட்டார்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி தொடங்கியது, நம்மில் பலர் இன்னும் பழைய காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். அந்தத் தேவை இவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். பில் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டம். நான் கேட்கவே இல்லை. என்னிடம் இருந்தது வங்கி ரசீதும் வட்ஸ்அப் பேச்சும் பெட்டியில் ஒட்டியிருந்த கூரியர் ஸ்டிக்கரும்தான். அந்த ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அனுப்பியவர் என்று அதில் இருந்த பெயர், நான் பணம் போட்ட பெயரே இல்லை.