சர்க்கரைக் கிண்ணத்தில் ஆர்சனிக்

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனாலும் அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘வி ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்’ (1962) நாவல் என்னை உலுக்கி எடுத்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரையில் கலந்த ஆர்சனிக் விஷம், பிளாக்வுட் குடும்பத்தில் நால்வரைக் கொன்றிருக்கிறது. பிழைத்தவர்கள் அக்கா கான்ஸ்டன்ஸ், அப்பாவின் சகோதரரும் நோயாளியுமான ஜூலியன், கதையைச் சொல்லும் 18 வயது மெரிகேட்.

அந்த முதல் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம். செவ்வாயும் வெள்ளியும் மெரிகேட் ஊருக்குள் போகிறாள். தாயம் ஆடுவதைப்போலத் தெருவைக் கட்டங்களாகப் பிரித்து மனதுக்குள் காய் நகர்த்துகிறாள். மளிகைக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. சிறுவர்கள் விஷத்தைப் பற்றிப் பாட்டுக்கட்டிப் பாடுகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கொலையாளியை எளிதில் ஊகித்துவிடலாம் என்று சில வாசகர்கள் குறைப்படுகிறார்கள். ஊகித்தால்தான் என்ன? ஓர் ஊரே கூடி ஒரு வீட்டை வெறுப்பதைத்தான் ஜாக்சன் துருவித் துருவிக் காட்டுகிறார். பிளாக்வுட் வீட்டில் பற்றிய தீயை அணைத்து முடித்த தீயணைப்புத் தலைவரே தொப்பியைக் கழற்றிவிட்டு முதல் கல்லை எடுக்கும் இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேரும் பணத்தாசை பிடித்த உறவினன் சார்லஸ் மட்டும் மேலோட்டமான வார்ப்பு. மற்றபடி சிறிய நாவல்தான். ஒரே இரவில் முடித்துவிடலாம்.